வீட்டுச் சோப்புக்கு நிறம்: காரத்தில் எது நிற்கும், எது போகும்

சோப்புக்கு நிறம் தேடும்போது பலரும் பொடியின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சங்குப்பூ நீலம், அதனால் சோப்பும் நீலமாக வரும். பீட்ரூட் சிவப்பு, அதனால் சோப்பு ரோஸ் நிறத்தில் வரும். இப்படி நம்பிப் போட்டால் இரண்டுமே கடைசியில் மங்கிய பழுப்பில்தான் போய் நிற்கும். பொடி பாக்கெட்டில் என்ன நிறம் என்பதை வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. எண்ணெயைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடாவில் விழுந்த பிறகு அது என்ன ஆகிறது, அப்புறம் குளியலறை வெளிச்சத்தில் எத்தனை மாதம் தாங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வேலைக்கு வேண்டிய பாதிப் பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கிறது. தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. தோவாளையில் பூ, நாட்டு மருந்துக் கடைகளில் பட்டையும் வேரும். ஆனால் கைக்கெட்டுகிற எல்லாவற்றையும் சோப்பில் போட்டுவிட முடியாது. எதைப் போடலாம், எவ்வளவு போடலாம், எந்தக் கட்டத்தில் போடலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், காரம் நிறத்தை என்ன செய்கிறது?

ஆரத்தி எடுக்க மஞ்சள் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் உடனே சிவந்துவிடும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் சிவக்கும் தன்மை கொண்டது. சோப்பிலும் இதேதான் நடக்கிறது. சுண்ணாம்புக்குப் பதில் அதைவிடப் பல மடங்கு வீரியமான காஸ்டிக் சோடா இருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக அடித்த சோப்புக் கலவையின் பிஎச் அளவு, அதாவது காரத்தின் வீரியத்தைக் காட்டும் எண், 13ஐ ஒட்டி இருக்கும். நாலைந்து வாரம் ஆறிய சோப்பில் அது 9லிருந்து 10க்குள் இறங்கிவிடும். அதனால் மஞ்சள் போட்ட சோப்பு முதல் நாள் செங்கல் நிறத்தில் மிரட்டும். நாள் போகப்போக ஆரஞ்சாகி, பிறகு பொன்மஞ்சளுக்கு வரும். முதல் நாள் நிறத்தைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செம்பருத்தி, சங்குப்பூ, நாவல்பழம் இவற்றின் நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற பொருள். அது அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் நீலம், காரத்தில் பச்சை, காரம் கூடினால் மஞ்சள் பழுப்பு என்று மாறிக்கொண்டே போய் உடைந்துவிடும். பீட்ரூட், வாடாமல்லி, கோழிக்கொண்டை இவற்றில் இருப்பது பீட்டாலெயின். அதுவும் காரத்துக்குத் தாங்காது. செம்பருத்தி சோப்பு என்று பளிச்சென்ற சிவப்பில் எங்கேயாவது பார்த்தால், அந்தச் சிவப்பு பூவிலிருந்து வந்தது இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அடிநிறம்: உங்கள் எண்ணெயைப் பாருங்கள்

நிறம் சேர்ப்பதற்கு முன்பே எண்ணெய் ஒரு நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. நன்றாக வெயிலில் காய்ந்த கொப்பரையில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் பால் வெள்ளைச் சோப்பு தரும். எந்த நிறத்தையும் ஏற்றுவதற்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. மழைக்காலத்தில் புகை போட்டு உலர்த்திய கொப்பரை என்றால் எண்ணெயே மங்கலாக இருக்கும், சோப்பிலும் அது தெரியும். இலுப்பை எண்ணெய் மஞ்சள் சாயல் தரும். வேப்பெண்ணெயும் புன்னை எண்ணெயும் பச்சையும் மஞ்சளும் கலந்த மங்கல் நிறம் தரும். இவற்றின் மேல் நீலம் போட்டால் பச்சை வரும், ரோஸ் போட்டால் செங்கல் நிறம் வரும். மென்மையான நிறம் வேண்டுமென்றால் வெள்ளை எண்ணெயை எடுங்கள். வேப்பெண்ணெய்தான் வேண்டுமென்றால் பச்சை, கறுப்பு, பழுப்பு இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பால், ஆட்டுப்பால், தேன், கருப்பட்டி இவற்றில் சர்க்கரை இருக்கிறது. காரமும் சூடும் பட்டால் சர்க்கரை பழுப்பாகும். நம்மூர்க் கருப்பட்டி ஒரு டீஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் போட்டால் தனியாக நிறமே வேண்டாம், இளம்பழுப்பு தானாக வந்துவிடும். ஆனால் கலவை சூடேறும் என்பதால் அளவைக் கூட்டாதீர்கள்.

செடி நிறங்களில் நம்பத் தகுந்தவை

எனக்கு மிகவும் பிடித்தது வேம்பாளம் பட்டை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைச் சிவப்பாக்க நம் வீடுகளில் காலம் காலமாகப் போடுவதுதான். அது எண்ணெயில் ரத்தச் சிவப்பாக இறங்கும். அந்த எண்ணெயைச் சோப்பாக்கும்போது, காரத் தண்ணீரை (காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை) ஊற்றியதும் கண் முன்னால் நீலச் சாம்பலாகவும் ஊதாவாகவும் திரும்பும். ஆறிய சோப்பு கத்தரிப்பூ நிறத்திலிருந்து சாம்பல் ஊதா வரை எதில் வேண்டுமானாலும் நிற்கலாம். எவ்வளவு நிறம் இறங்கிய எண்ணெய், எவ்வளவு போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது அது. செடியிலிருந்து ஊதா நிறம் எடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எடுக்கும் முறை இதுதான். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 10 கிராம் பட்டை. பட்டையைக் கையால் நொறுக்கி எண்ணெயோடு ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, ஜாடியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள். எண்ணெய் கொதிக்கக் கூடாது, புகையவும் கூடாது. சூடு தணிந்ததும் பருத்தித் துணியில் வடிகட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். சோப்புக்கான மொத்த எண்ணெயில் 10 முதல் 30 சதவீதம் இந்த எண்ணெயாக இருக்கட்டும். இதையும் தேங்காய் எண்ணெய்க் கணக்கிலேயே சேர்த்துக் காஸ்டிக் சோடாவைக் கணக்கிட வேண்டும். மேலதிகமாக ஊற்றினால் கணக்கு தவறிவிடும்.

மஞ்சிட்டி வேர்ப்பொடி ரோஸ் நிறத்துக்கு. எண்ணெயில் ஊறவைத்தால் மென்மையாகவும், நேரே காரத் தண்ணீரில் போட்டால் அழுத்தமாகவும் வரும். செஞ்சந்தனப் பொடி பெயருக்கேற்ற சிவப்பைத் தராது. அது காரத்தில் ஊதா கலந்த காப்பிப்பொடி நிறத்துக்குப் போகும். அதுவும் அழகுதான், எதிர்பார்த்துப் போடுகிறவருக்கு. பதிமுகம் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம், குடிக்கிற தண்ணீரில் போடுகிறோம். காரத்தில் அது நன்றாகச் சிவக்கவும் செய்யும். ஆனால் அந்தச் சிவப்பு நீடிக்காது, வெளிச்சத்தில் மங்கிவிடும். விற்கவோ பரிசாகக் கொடுக்கவோ செய்கிற சோப்பில் நான் அதைப் போட மாட்டேன்.

மஞ்சளுக்கு வருவோம். 500 கிராம் எண்ணெய்க்குக் கால் டீஸ்பூன் தூள் போதும். மேலே போனால் தோர்த்தில் (துண்டில்) கறை பிடிக்கும். மஞ்சளின் குறை வெளிச்சம். சன்னல் ஓரம் வைத்தால் சீக்கிரம் வெளுத்துவிடும். அதைவிட நிலையான மஞ்சள் வேண்டுமென்றால் தோவாளையில் கிடைக்கிற மஞ்சள் கிரேந்தி (துலுக்கச் சாமந்தி). இதழை மட்டும் பிய்த்து நிழலில் சருகாகக் காயவைத்து, வேம்பாளம் பட்டை போலவே எண்ணெயில் ஊறவைக்கலாம். கிரேந்தியின் நிறம் லூட்டின் என்ற எண்ணெயில் கரையும் பொருள், காரத்துக்கு ஓரளவு தாங்கும். காய்ந்த இதழைச் சோப்பின் மேல் தூவினாலும் மஞ்சளாகவே இருக்கும். ரோஜா, பிச்சி, அரளி இதழெல்லாம் தூவிய சில நாட்களிலேயே கறுத்து அழுகல் போலத் தெரியும். அரளி நஞ்சும்கூட, சோப்பு பக்கமே கொண்டுவர வேண்டாம்.

நீலத்துக்கு அவுரி. இங்கே ஒரு குழப்பம் உண்டு. தலைமுடிக்குப் போட விற்கும் அவுரி இலைப் பொடி வேறு, அவுரியை நொதிக்கவைத்து எடுத்த நீலக் கட்டி வேறு. இலைப்பொடியைப் போட்டால் மங்கிய பச்சைதான் வரும். நீலம் வேண்டுமென்றால் பிரித்தெடுத்த நீலத்தைத்தான் வாங்க வேண்டும். 500 கிராம் எண்ணெய்க்கு எட்டில் ஒரு பங்கு முதல் கால் டீஸ்பூன் வரை. அதற்கு மேல் நுரையே நீலமாகும்.

பச்சைதான் எல்லோரையும் ஏமாற்றுவது. வேப்பிலை, முருங்கை இலை, குப்பைமேனி எதுவானாலும் நிறம் தருவது பச்சையம். சோப்பை அறுத்த அன்று பச்சைப்பசேல் என்று இருக்கும், ஒன்றிரண்டு மாதத்தில் காய்ந்த இலை நிறத்துக்கு வந்துவிடும். இருட்டில் வைத்தால் கொஞ்சம் நீளும், அவ்வளவே. குப்பைமேனி சோப்பு காக்கி நிறத்தில் இருந்தால் அது இயல்பு. மாதக்கணக்கில் பச்சையாகவே இருந்தால் வேறு ஏதோ நிறம் சேர்ந்திருக்கிறது.

கறுப்புக்குக் கரி. சிரட்டையைச் சுட்ட கரி நம் வீட்டிலேயே உண்டு, ஆனால் கையால் இடித்த கரி தோலைக் கீறும். சிரட்டையிலிருந்தே செய்த, மாவு போல நைசான ஆக்டிவேட்டட் கரி கடையில் கிடைக்கிறது. 500 கிராமுக்கு அரை டீஸ்பூன் என்றால் சாம்பல் நிறம், ஒரு டீஸ்பூனுக்கு மேல் என்றால் நல்ல கறுப்பு. ஒன்றரைக்கு மேல் போனால் நுரை சாம்பலாகும். காப்பி டிகாஷன், கொக்கோ இவையும் பழுப்புக்கு நம்பகமானவை. மிளகாய்ப் பொடியைச் சிவப்புக்காகப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், எரியும்.

தாது நிறங்கள்: பெயரைவிட லேபிளில் உள்ள எண்ணைப் பாருங்கள்

பளிச்சென்ற, மாறாத நிறம் வேண்டுமென்றால் தாது நிறங்கள்தான். செயற்கை என்று ஒதுக்க வேண்டிய அவசியம் இல்லை. முறையாகத் தயாரித்த அழகுசாதனத் தர ஆக்சைடு, மண்ணிலிருந்து நேரே எடுத்த காவியைவிடச் சுத்தமானது. இயற்கைக் காவியில் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்திருக்க வாய்ப்புண்டு. நம் நாட்டு அழகுசாதன விதிகள் நிறப்பொருளில் ஆர்செனிக் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), ஈயம் 20 பிபிஎம், மற்ற கன உலோகங்கள் 100 பிபிஎம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கின்றன. கோலத்துக்குக் காவி விற்கிறவர் அதைச் சோதித்து விற்பதில்லை.

வாங்கும்போது லேபிளில் சி.ஐ. எண், அதாவது ஒவ்வொரு நிறப்பொருளுக்கும் உலக அளவில் கொடுத்த கலர் இன்டெக்ஸ் எண், இருக்கிறதா என்று பாருங்கள். 77891 டைட்டானியம் டைஆக்சைடு, வெள்ளை. 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. 77007 அல்ட்ராமரின், 77288 குரோமியம் ஆக்சைடு பச்சை. இவை எல்லாம் காரத்துக்கு அசையாதவை. எண்ணே போடாத பாக்கெட் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மைக்கா வாங்கும்போது இந்த எண்கள்தான் உங்களைக் காப்பாற்றும். மைக்கா என்பது மினுமினுப்பான தாதுத் துகள், அதன் மேல் வேறு நிறத்தைப் பூசி விற்கிறார்கள். பூசியது இரும்பு ஆக்சைடு என்றால் பயமில்லை. 77510 என்று இருந்தால் அது பிரஷ்யன் நீலம், காரத்தில் உடைந்து துருப்பழுப்பாகும். 75470 என்றால் கார்மைன், பூச்சியிலிருந்து எடுப்பது. சைவம் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும், காரத்தில் ஊதாப் பக்கம் சாயவும் செய்யும். 19140, 42090 போன்றவை உணவுச் சாய வகை. சோப்பில் ஒரு நிறம் பக்கத்து நிறத்துக்குள் ஊறிப்போகும் தொல்லை பெரும்பாலும் இவற்றால்தான்.

களிமண் வகைகளும் இங்கேதான் சேரும். முல்தானி மட்டி சந்தன நிறம், கயோலின் வெள்ளை, சிவப்புக் களிமண் செங்கல் நிறம். எதுவும் மாறாது, தோலுக்கும் இதம். 500 கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு டீஸ்பூன்.

எது வேண்டவே வேண்டாம்

கன்னியாகுமரி கடற்கரையில் பொட்டலம் பொட்டலமாக விற்கும் பல நிற மணலைச் சோப்பின் மேல் தூவினால் அழகாக இருக்குமே என்று யாருக்கும் தோன்றும். வேண்டாம். மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் ஆகிய தாதுக்களோடு மோனசைட்டும் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிர்வீச்சு உள்ளது. இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளை டைட்டானியம் டைஆக்சைடு தயாரிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது பெரிய ஆலையில் ரசாயன முறையில் பிரித்து எடுப்பது. மணலை அப்படியே உடம்பில் தேய்ப்பது வேறு விஷயம். கதிர்வீச்சை விட்டுவிட்டாலும் மணல் தோலைக் கீறும்.

ரங்கோலிப் பொடி, சுவர்ச் சாயம், துணிக்குப் போடும் நீலம், கடைக் குங்குமம் இவை எதுவும் தோலுக்கென்று செய்தவை அல்ல. கேசரிப் பவுடர் தின்னக்கூடியதுதானே என்று கேட்பார்கள். தின்னலாம், ஆனால் சோப்பில் வெளுக்கும், ஊறும், கையில் ஒட்டும்.

சோதனைத் தொகுதி: இதைத் தவிர்க்காதீர்கள்

தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 165 கிராம். இந்த எண்ணெய் முழுவதையும் சோப்பாக்க ஏறக்குறைய 91 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 20 சதவீதம் குறைத்திருப்பதற்குக் காரணம், தேங்காய் எண்ணெய் சோப்பு தனியாக இருந்தால் தோலை வறட்டும். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சினால் அது குறையும்.

கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை மாட்டிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள். ஒருபோதும் காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, சீறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, காரம் அதை அரித்து வாயு கிளப்பும். எவர்சில்வரோ கனமான பிளாஸ்டிக்கோ எடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

காரத் தண்ணீரும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியதும் சேர்த்து, ஹேண்ட் பிளெண்டரால் அடித்து, இளம் ட்ரேஸ் வந்தவுடன் நிறுத்துங்கள். கரண்டியிலிருந்து ஒழுகும் கோடு மேலே ஒரு நொடி தெரிந்து மறைந்தால் அதுதான் இளம் ட்ரேஸ். இதை ஐந்து சிலிகான் கப்பில் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 100 கிராம் எண்ணெயின் பங்கு இருக்கும். ஒன்றை நிறமில்லாமல் விட்டுவிடுங்கள், ஒப்பிட அது வேண்டும்.

மற்ற நான்குக்கும் நிறம் அளப்பதில் ஒரு சுலப வழி இருக்கிறது. 500 கிராமுக்கான முழு அளவை ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி, நன்றாகக் கலக்கிய அந்தக் குழம்பிலிருந்து 3 மில்லி எடுத்தால் ஒரு கப்புக்கான சரியான பங்கு. அளவுகள்: இரும்பு ஆக்சைடு கால் டீஸ்பூன், அல்ட்ராமரினும் குரோமியம் பச்சையும் அரை, மைக்கா ஒன்று, டைட்டானியம் டைஆக்சைடு ஒன்று, மஞ்சிட்டி ஒன்று. களிமண்ணை எண்ணெயில் குழைக்காமல் தண்ணீரில் குழைக்க வேண்டும். உலர்ந்த களிமண் கலவையின் ஈரத்தை உறிஞ்சிச் சோப்பை வெடிக்க வைக்கும். டைட்டானியம் டைஆக்சைடில் தண்ணீரில் கலப்பது, எண்ணெயில் கலப்பது என்று இரண்டு வகை உண்டு, கேட்டு வாங்குங்கள். நைசான பொடிகளைக் கையாளும்போது மாஸ்க் போடுவது நல்லது.

பொடியை நேரே கலவையில் கொட்டினால் புள்ளி புள்ளியாக நிற்கும். கரி சில நேரம் கட்டியாகவே இருந்து அறுக்கும்போது கத்தியோடு இழுபட்டுக் கோடு போடும். குழைக்கிற அந்த இரண்டு நிமிடத்தில் சோம்பல் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும். கப்பில் ஊற்றாமல் பெரிய அச்சில் ஒரே கட்டியாக ஊற்றினால் மறுநாள் வரை விடாமல், தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பு இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். அப்புறம் அறுத்தால் உடையும்.

சூடும் வாசனையும் நிறத்தில் கைவைக்கும்

ஊற்றிய சோப்பு தானாகச் சூடேறி நடுவில் கண்ணாடி போல ஆகும். இதற்கு ஜெல் கட்டம் என்று பெயர். ஜெல் ஆன பகுதியில் நிறம் அழுத்தமாக இருக்கும், ஆகாத ஓரம் வெளிறி இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் நடுவில் மட்டும் ஜெல் ஆகி வட்டம் விழுவது சாதாரணம். ஒன்று, துணி போர்த்தி முழுவதும் ஜெல் ஆக விடுங்கள். இல்லையென்றால் சிறிய அச்சில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து ஜெல்லையே தவிர்த்துவிடுங்கள். அழுத்தமான ஊதா, நீலத்துக்கு முதல் வழி. பால் சேர்த்த வெளிர் சோப்புக்கு இரண்டாவது வழி.

வனிலா வாசனையில் இருக்கும் வனிலின் எந்த நிறத்தையும் பழுப்பாக்கிவிடும். நம் மலைக் கிராம்பிலிருந்து எடுத்த எண்ணெய் மணக்கும், ஆனால் அதில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் கலவையைச் சட்டென்று கெட்டியாக்கும். இரண்டு நிறத்தைச் சுழற்றி ஊற்ற நினைக்கிற அன்று கிராம்பு எண்ணெய் வேண்டாம்.

சோப் பேஸில் செய்கிறவர்களுக்கு

காஸ்டிக் சோடாவைத் தொடப் பயந்து கிளிசரின் சோப் பேஸ் வாங்கி உருக்குகிறவர்கள் பலர். அதில் காரம் ஏற்கெனவே அடங்கிவிட்டது, அதனால் பிரஷ்யன் நீலம் பூசிய மைக்காகூட நிலைக்கும். மைக்காவின் மினுமினுப்பும் தெளிவான பேஸில்தான் முழுதாகத் தெரியும். பச்சை இலைச் சாறு, அரைத்த பூ, தயிர் இவற்றைச் சேர்க்காதீர்கள். சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த பொடி மட்டும், அதுவும் சிறிதளவு. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்து ஈரக்காற்றில் இந்தச் சோப்பு வியர்க்கும். இறுகியவுடன் கிளிங் ஃபிலிமால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள்.

முடிவு செய்வதற்கு முன் மூன்று சோதனை

நாலு முதல் ஆறு வாரம் ஆறிய பிறகுதான் நிறத்தைப் பற்றி முடிவு எடுக்க வேண்டும். முதல் நாள், ஒரு வாரம் கழித்து, நாலு வாரம் கழித்து என்று ஒரே இடத்தில் வைத்துப் படம் எடுத்து, பக்கத்தில் அளவையும் எழுதி வையுங்கள்.

வெளிச்சத்துக்கு: ஒரு துண்டின் பாதியை அலுமினிய ஃபாயிலால் மூடிச் சன்னல் ஓரம் இரண்டு வாரம் வையுங்கள். பிரித்துப் பார்த்தால் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். மஞ்சளிலும் பச்சையிலும் கோடு கிழித்தது போலத் தெரியும், ஆக்சைடில் ஒன்றும் தெரியாது.

நுரைக்கு: வெள்ளைத் தோர்த்தை நனைத்து அதில் சோப்பைத் தேய்த்து நுரை வரவையுங்கள். நுரை வெள்ளையாகவும், அலசிய தோர்த்து கறையில்லாமலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தொகுதியில் நிறத்தைப் பாதியாக்குங்கள்.

தோலுக்கு: முழங்கையின் உள்பக்கம் தேய்த்து அலசி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்த நிறத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு மட்டும் என்றால் இத்தோடு போதும். விற்கப் போகிறீர்கள் என்றால் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். போடுகிற நிறம் இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 4707 முதல் பகுதியின் பட்டியலுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நிறம் வாங்கும்போதே அதன் பகுப்பாய்வுச் சான்றையும் கேட்டு வாங்கி, எந்தத் தொகுதியில் எந்தப் பாக்கெட்டைப் போட்டீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.